ஆற்றங்கரையில் யார் தூங்கலாம்

எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா கிடக்கிறது. உள்ளே ஈயம் பூசியது. வெளியே அடி முழுக்கக் கரி. எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கரி முழுசாகப் போகாது. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, ஆடி அமாவாசைக்கு முன்னால்தான் அதை இறக்குவோம். கூடவே அரை மூட்டை அரிசி, தேங்காய், கருப்பட்டி, ஓலைப்பாய், இரண்டு அரிக்கேன் விளக்கு, கயிறு, அரிவாள், தார்ப்பாய், ஒரு வெள்ளாட்டுக் கிடா. எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, பாபநாசம் தாண்டி, செக்போஸ்ட் தாண்டி, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் முன்னால் தாமிரபரணிக் கரையில் இறக்குவோம். எட்டு நாள், பத்து நாள் அங்கேயேதான்.

ஆச்சி இதைச் 'சாமி கும்பிடப் போறது' என்று சொல்லிக் கேட்டதில்லை. "கோயில்ல போயி இருக்கது" என்பாள். இருக்கது. நாங்கள் செய்ததும் அதுதான். சாமி கும்பிட அரை மணி நேரம் போதும். மிச்ச நேரமெல்லாம் இருந்தோம். குளித்தோம், சமைத்தோம், தூங்கினோம், குரங்கிடமிருந்து தேங்காயைக் காப்பாற்றினோம்.

2018இல் அலுவலக நண்பர்களோடு வேறொரு மலைக்குப் போயிருந்தேன். தனியார் இடம், ஓடைக்கரை. தலைக்கு ஓர் இரவுக்கு 2,400 ரூபாய். கரண்ட் கிடையாது, கழிப்பறை கிடையாது, சிக்னல் கிடையாது. எந்த வசதியும் இல்லை என்பதுதான் அங்கே விற்பனைக்கு இருந்த வசதி. டெக்கத்லான் கூடாரத்தை விரித்து முடித்ததும், பொறுப்பாளர் தம்பி எங்களை வட்டமாக உட்காரவைத்து, மூன்று கல்லை எப்படி வைத்தால் அடுப்பு காற்றுக்கு அணையாது என்று வகுப்பு எடுத்தார். தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தார். காற்று வரும் பக்கத்தை அடைத்துவிட்டார், புகை எங்கள் மேலேயே வந்தது. நான் எழுந்து ஒரு கல்லை நகர்த்தி வைத்தேன். "ப்ரோ, முன்னாடியே கேம்பிங் பண்ணிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷம் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஆச்சி செய்ததற்கும் இதற்கும் ஒரே பெயர் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஆரம்பித்த கேள்விதான் இந்தக் கட்டுரை. ஒரு காட்டாற்றின் கரையில் ராத்திரி படுத்துத் தூங்க யாருக்கு உரிமை இருந்தது, யாரிடமிருந்து யாருக்கு அது கைமாறியது? என் ஊர் ஆற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தேடினேன்.

*

பொழுதுபோக்காக முகாமிடுவதற்குத் தந்தை என்று இங்கிலாந்தில் ஒருவரைச் சொல்கிறார்கள். தாமஸ் ஹைராம் ஹோல்டிங், தொழிலால் தையல்காரர். 1901இல் சைக்கிளில் போய்க் கூடாரம் அடிப்பவர்களுக்கான சங்கம் அவர் முயற்சியில் தொடங்கியது. 1908இல் அதற்கொரு கையேடும் எழுதினார். அவருக்கு இந்த ஆசை வந்தது எங்கிருந்து என்பதுதான் சுவாரஸ்யம். 1853இல், சின்னப் பையனாக இருக்கும்போது, அமெரிக்காவில் முந்நூறு பேர் கொண்ட குடியேறிகள் கூட்டத்தோடு மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஐந்து வாரம் தங்கியிருந்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் யாரும் ஜாலிக்காக வெட்டவெளியில் படுத்திருக்க மாட்டார்கள். போகப் போகிற இடத்தில் இன்னும் வீடு கிடையாது, அவ்வளவுதான்.

ஏறக்குறைய அதே வருஷங்களில் தாமிரபரணி பிறக்கிற மலையின் உச்சியிலும் ஒருவர் தங்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஜான் ஆலன் பிரவுன், ஸ்காட்லாந்துக்காரர். திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்கு 1852இல் இயக்குநராக வந்தவர். பூமியின் காந்தப்புலம் உயரத்துக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்று பார்க்க அவருக்கு ஒரு மலை தேவைப்பட்டது. அகத்தியமலையைத் தேர்ந்தெடுத்தார். 1,868 மீட்டர். 1855இல் உச்சியில் மரத்தால் ஓர் ஆய்வகம் கட்டினார்கள். கருவிகளை மேலே கொண்டுபோய், திருவனந்தபுரத்திலும் மலையுச்சியிலும் ஒரே நேரத்தில் அளவு எடுத்தார்கள். 1865இல் பிரவுன் பதவியை விட்டு விலகினார். உச்சியிலிருந்த ஆய்வகத்தையும் காற்றும் மழையும் கொண்டுபோயின.

படிக்கும்போது எனக்குப் புல்லரித்தது. நானும் டேட்டா எடுக்கிறவன்தானே. ஆனால் அட்டை கடிக்கும் அந்தக் காட்டில் பாதை வெட்டியவர்கள், பலகையையும் கருவிகளையும் தலையில் சுமந்தவர்கள், மேகத்துக்குள் ராத்திரி முழித்திருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அகத்தியமலையில் தூங்கியவர் என்று வரலாற்றில் பதிவான பெயர் ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மலையில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

இன்றைக்கும் கேரளப் பக்கமிருந்து போனக்காடு வழியாக, வனத்துறை அனுமதிச்சீட்டோடு, நடுவில் அத்திரிமலை முகாமில் ஒரு ராத்திரி தங்கி, உச்சிக்கு ஏறலாம். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து அந்த வழி பொதுமக்களுக்குக் கிடையாது. ஆறு நம் பக்கம், ஏறுகிற படிக்கட்டு அவர்கள் பக்கம்.

ஆற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொதிகையின் கிழக்குச் சரிவில் பூங்குளம் என்ற சுனையைத்தான் தாமிரபரணியின் பிறப்பிடம் என்று சொல்வது வழக்கம். ஆனால் ஒரு சுனை ஒரு ஆற்றை வருஷம் பூராவும் ஓட்டாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே விழுகிற மலை இது. விழுந்த தண்ணீரைச் சோலைக்காட்டு மண் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொண்டு, மாசக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசியவிடுகிறது. பேயாறு, உள்ளாறு, பாம்பாறு என்று ஒவ்வொன்றும் அந்தக் கசிவின் சேர்க்கைதான். அதனால்தான் தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே புன்னைக்காயலில் கடல் சேர்கிற இந்த ஆறு சித்திரையிலும் ஓடுகிறது. இதை எனக்கு முதலில் நிரூபித்தது ஆச்சி. ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் அவள் குடிக்க ஆற்றுத் தண்ணீரை எடுக்க மாட்டாள். கரையிலிருந்து பத்தடி தள்ளி மணலைக் கையால் தோண்டுவாள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசியும். முதல் தண்ணியை இறைத்துக் கொட்டிவிடுவாள், இரண்டாவதையும். மூணாவதாக ஊறுவது கண்ணாடி மாதிரி இருக்கும். அதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவாள். ஊத்துக்கு மேலே ஓலையைப் போட்டு மூடி வைப்பாள். ஒவ்வொரு குடிலுக்கும் ஒரு ஊத்து.

*

இந்தக் காடு ரொம்ப காலம் சிங்கம்பட்டி ஜமீனுடையது. மார்த்தாண்ட வர்மாவுக்காகச் சண்டையில் உயிர்விட்ட ஒரு சிங்கம்பட்டி வாரிசுக்கு ஈடாகத் திருவிதாங்கூர் மன்னர் இந்த மலைக்காட்டையும் கோயில்களையும் கொடுத்ததாக ஜமீன் குடும்பத்தில் சொல்வார்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு அவர்கள் பரம்பரை அறங்காவலர்கள். பட்டம் கட்டிய கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ராஜ உடையில் வந்து உட்காருவார். சின்ன வயசில் தாத்தா தோளில் உட்கார்ந்து அவரைப் பார்த்திருக்கிறேன். 2020 மே மாதம் இறந்துபோனார்.

ஜமீனின் காட்டில் ஒரு பெரிய துண்டு 1929இல் கைமாறியது. அதற்குப் பின்னால் ஒரு கொலை வழக்கு இருக்கிறது. 1919இல் சென்னையில் இளம் ஜமீன்தார்கள் படித்த நியூயிங்டன் பள்ளியின் முதல்வர் டி லா ஹே தன் படுக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிங்கம்பட்டி வாரிசும் ஒருவர். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தச் செலவில் ஏறிய கடனை அடைக்கத்தான் ஜமீன் மலையை விட்டது என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிற கணக்கு. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு சுமார் 8,374 ஏக்கர், 99 வருஷக் குத்தகை. கம்பெனியின் பெயரில் பர்மா இருப்பது சும்மா இல்லை. 1885இல் பர்மிய அரசர் இந்தக் கம்பெனிக்குத் தேக்கு வெட்டிய விவகாரத்தில் அபராதம் போட, அதையே சாக்காக வைத்து பிரிட்டிஷ்காரர்கள் மாண்டலேயைப் பிடித்தார்கள். அப்பேர்ப்பட்ட பழைய கை அது.

அவர்கள் தேயிலை போட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. கீழேயிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து வரிசை வீடுகளில் தங்கவைத்தார்கள். நாலு தலைமுறை அந்த மலையில் தூங்கி எழுந்தும் ஒரு சென்ட் நிலம்கூடத் தொழிலாளர்களுக்குச் சொந்தமாகவில்லை. வேலை இருக்கும்வரை வீடு. 1999 ஜூலை 23 அன்று கூலி உள்ளிட்ட கோரிக்கைகளோடு நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியபோது, தாமிரபரணிக்குள் 17 பேர் செத்தார்கள். அவர்கள் வீட்டுக்கு மேலே சொட்டுச் சொட்டாகக் கசிந்த அதே தண்ணீர். குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே, 2024இல், கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து இறங்கச் சொல்லிவிட்டது.

நடுவில் 1940களில் காரையாற்றில் பாபநாசம் மேலணை எழுந்தது. 143 அடி. மின்சார வாரியத்துக் குடியிருப்பு வந்தது. 1962இல் முண்டந்துறை புலிகள் சரணாலயம், 1976இல் களக்காடு, இரண்டையும் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆய்வாளர்கள் வந்தார்கள். ரவூஃப் அலி முண்டந்துறையில் தங்கி நாட்டுக்குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். எங்கள் தேங்காயைத் திருடிய குரங்குகளின் பாட்டன் பாட்டிகள் யாரோ ஒருவருடைய முனைவர் பட்டத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு விநோதமான பெருமை. நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், காட்டுநாய்களைப் பற்றிய ஆய்வால் உலகம் அறிந்தவர், இந்தக் காடுகளைத் தன் சொந்த ஊராகவே கடைசி வரை எழுதிக்கொண்டிருந்தார். 2024 ஜூனில் காலமானார். காட்டை ஆராய வந்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு, கோபம் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த மலையைப் பற்றி அரசாங்கத்திடம் பேச ஆளே இருந்திருக்காது.

ஆக, யார் யார் இங்கே ராத்திரி தங்கினார்கள்? எல்லோருக்கும் முன்னாலிருந்தே காணி மக்கள். இஞ்சிக்குழியிலும் மயிலாறிலும் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை விட்டால், விஞ்ஞானி, அவர் சுமைகாரர். ஜமீன், கம்பெனி மேனேஜர், அவர்கள் கூலிகள். அணை கட்டியவர்கள், அதிகாரி, அவருடைய வாட்சர். கீழ்நாட்டு ஏழைக்கு இந்த மலையில் தூங்க இடம் கிடைத்தபோதெல்லாம், யாருக்காவது வேலை செய்ததால்தான் கிடைத்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஆடி அமாவாசை.

*

அந்தக் கோயிலில் அய்யனார் மட்டும் இல்லை. சங்கிலி பூதத்தார் இருக்கிறார். அருள் வந்தவர்கள் இரும்புச் சங்கிலியால் தங்களை அடித்துக்கொள்வார்கள். பிரம்மராட்சசி இருக்கிறாள். கொஞ்சம் தள்ளிப் பட்டவராயன். பட்டவராயன் கதையைத்தான் ராத்திரி வில்லுப்பாட்டில் பாடுவார்கள். எங்கள் வீட்டுச் சிறுசுகள் பாதியிலேயே தூங்கிவிடும். நான் அவன் சாகிற இடம் வரை முழித்திருப்பேன்.

முத்துப்பட்டன் பிராமணன். அண்ணன்மாரோடு மனஸ்தாபப்பட்டு மலையாளத்துப் பக்கம் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவன், இந்தக் காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைப் பார்க்கிறான். கட்டினால் இவர்களைத்தான் என்று நிற்கிறான். அவர்கள் அப்பன் வாலப்பகடை நிபந்தனை போடுகிறார். பூணூலை அறு, குடுமியை எடு, எங்களைப் போலத் தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக்கொண்டு வா. பட்டன் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. மாமனாரின் மாட்டுக்கிடையை ஆற்றங்கரையில் காவல் காக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டு ஜெயிக்கிறான், பிறகு ஒளிந்திருந்தவன் ஒருவன் குத்தியதில் சாகிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். இன்றைக்கும் பட்டனுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் தோல் செருப்பு வாங்கிக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் அந்தச் செருப்பு நடந்து தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. பட்டன் ராத்திரியில் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறானாம்.

பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், தொலைந்துபோய்ப் பகடையிடம் வளர்ந்தார்கள் என்று கதையை மாற்றிச் சொல்கிற வழக்கும் உண்டு. அவர்கள் சக்கிலியப் பெண்களாகவே இருந்துவிட்டால் யாருக்கோ தூக்கம் வராது போலிருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது ஒன்று. காட்டில் ராத்திரிக் கிடை போட்டுப் படுத்திருந்த ஒருவன்தான் இங்கே சாமி. அரண்மனையும் இல்லை, தவமும் இல்லை. மாட்டுக்குக் காவலாக ஆற்றங்கரையில் படுத்திருந்தான், அங்கேயே செத்தான். அவனைக் கும்பிட வருகிறவர்களும் அதே கரையில் படுத்திருப்பது எனக்கு நியாயமாகவே தோன்றியது.

குடில் போடுவது ஒரு நாள் வேலை. தாத்தா முதலில் வெள்ளம் போன வருஷம் எதுவரை ஏறியது என்று பார்ப்பார். மரத்தண்டில் சருகும் குப்பையும் ஒட்டியிருக்கும் மட்டம்தான் அளவு. அதற்கு மேலேதான் படுக்கை. நாலு கவட்டைக் கம்பு, மேலே ஓலையோ தார்ப்பாயோ, கீழே மணல். எங்களுக்கு ஒரு நீர்மருத மரத்தடி. எழுதி வைத்தது கிடையாது, ஆனால் அது எங்கள் இடம். பக்கத்தில் கடையத்துக்காரர்கள், அடுத்து தூத்துக்குடியிலிருந்து வருகிற ஒரு பெரிய குடும்பம். வருஷத்தில் பத்து நாள் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்ததே இந்த மணலில்தான்.

ரொம்பவும் இனிப்பாகச் சொல்லிவிடக் கூடாது. யார் குடிலுக்குப் பக்கத்தில் யார் குடில் என்பதில் ஊரின் கோடுகள் அப்படியே ஆற்றுக்கும் வந்திருந்தன. பட்டன் கதையைக் கேட்டு அழுதவர்களே காலையில் அந்தக் கோட்டைத் தாண்டாமல் குளித்தார்கள். கிடா வெட்டிய குடல் ஆற்றில்தான் போகும். விறகு காட்டில்தான் வெட்டினோம். தாத்தா காய்ந்த மரத்தைத்தான் தேடுவார், எல்லோரும் அப்படித் தேடவில்லை. லட்சக்கணக்கில் ஜனம் கூட ஆரம்பித்த பிறகு, அமாவாசைக்கு மறுநாள் காலையில் அந்தக் கரை பார்க்கவே கூசும். பழந்துணி, பாலித்தீன், சரக்குப் பாட்டில். கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் அது.

அதனால் கட்டுப்பாடு வந்தது. மணிமுத்தாறில் மையம் வைத்திருக்கும் ஏட்ரீ நிறுவனத்தினர் இந்த விழாவின் குப்பையையும் கூட்டத்தையும் பற்றிப் பல வருஷம் வேலை பார்த்தவர்கள். வனத்துறை, தங்கும் நாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சில நாட்களாக்கியது. தனியார் வண்டிகள் அகஸ்தியர்பட்டியிலேயே நின்றுவிட, அங்கிருந்து அரசுப் பேருந்து. பிளாஸ்டிக்குக்குச் சோதனை. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் பக்தர்களுக்கு அனுமதியே இல்லை.

இதில் நான் எந்தப் பக்கம்? வண்டிகளை நிறுத்தியது சரி. கூட்டத்துக்கு அளவு வைப்பதும் சரி. புலி, யானை நடக்கிற வழியில் ராத்திரி பூராவும் ஸ்பீக்கர் அலறுவதற்கு எந்தச் சாமியின் பெயராலும் நியாயம் கிடையாது. இதையெல்லாம் நான் அலுவலக நண்பர்களிடம் பேசும்போது தெளிவாகச் சொல்வேன். வீட்டில் சொல்ல வாய் வராது. ஆனால் நாட்களைக் குறைத்ததில் மட்டும் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் பார்த்தவரையில் பாட்டிலும் பார்சலும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறவன் காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிறவன். பத்து நாள் இருக்கப் போகிறவள் அண்டாவோடு வருவாள். தான் குளிக்கிற இடத்தில், தன் ஊத்துக்குப் பக்கத்தில் அவள் குப்பை போட மாட்டாள், போடுகிறவனை வைது விரட்டுவாள். நாளைக் குறைக்கக் குறைக்க 'இருக்கது' போய் 'பார்த்துட்டு வாறது' ஆகிவிடும். விறகுக்கும் ஆட்டுக்குடலுக்கும் இதில் பதில் இல்லை என்பது தெரியும். கேஸ் அடுப்புக்கு அனுமதி, குறைந்த குடும்பங்கள், முன்பதிவு, நீண்ட நாட்கள் என்று ஏதாவது செய்யலாமே என்று தோன்றும். உடனே, முன்பதிவு என்று வந்தால் யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதும் தோன்றும். ஆன்லைனில் டோக்கன் போடத் தெரிந்த எனக்குத்தான். ஆச்சிக்கு இல்லை.

*

ஆச்சி கடைசியாகப் போனது 2019. அதற்கு அடுத்த ஆடியில் அவளே அண்டாவைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, தேய்த்து, திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். செக்போஸ்ட்டை அடைத்துவிட்டார்கள் என்று அப்பா மூன்று தடவை சொன்னார். "சாமிய அடைக்க முடியுமால? நாம போயி இருந்தாத்தான நாம யாருன்னு அதுக்குத் தெரியும்" என்றாள். 2021 தை மாசம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. நான் முந்தின நாளே கிளம்பினேன். டெக்கத்லான் கூடாரத்தை எடுத்து வைத்துவிட்டு, என்னவோ போலிருந்ததால் திரும்ப வைத்துவிட்டேன். தார்ப்பாயும் கயிறும் எடுத்துக்கொண்டேன். அண்டாவையும். அம்மா, "ஒத்தை ஆளுக்கு எதுக்குல அண்டா?" என்று கேட்டாள். பதில் இல்லை. அகஸ்தியர்பட்டியில் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் அண்டாவைப் பார்த்துவிட்டு, "பொங்கி எல்லாருக்கும் போடப் போறீயளா?" என்றார். அதுவும் நல்ல யோசனைதான் என்று தோன்றியது.

எங்கள் மருத மரத்தை அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. மணல் இடம் மாறியிருந்தது, கரை அரித்திருந்தது. மூன்று மரங்களுக்கு நடுவே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். அங்கே ஏற்கெனவே தார்ப்பாய் கட்டியிருந்த ஒரு ஆச்சி, "யாரைத் தேடுதிய தம்பி?" என்று கேட்டாள். இடத்தைத் தேடுகிறேன் என்றேன். எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று விசாரித்தாள். அவளுக்கு எங்களைத் தெரியாது. ஆனாலும், "இங்கனயே போடுங்க, எடம் கெடக்கு" என்று பாயை இழுத்து நகர்த்திப் போட்டாள். மலை இறங்கி வந்து வீடு தேடிக்கொண்டிருக்கும் குடும்பமாம். மாஞ்சோலையில் பிறந்து வளர்ந்தவள். எஸ்டேட்டில் இருக்கும்போது லீவு கிடைக்காமல் ஒரு நாள்தான் வந்துபோவார்களாம், இப்போதுதான் ராத்திரி தங்குவது. "இப்ப லீவுக்கு என்ன, வருசம் பூரா லீவுதான்" என்று சிரித்தாள்.

அவளுடைய பேரனுக்கு ஊத்துத் தோண்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் தண்ணி, ரெண்டாம் தண்ணி கொட்டு, மூணாவதுதான் குடிக்க என்றேன். அவன் மூணாவதையும் காலால் கலக்கிவிட்டான். நாலாவதை எடுத்தோம். என் அண்டாவில் அவர்கள் வீட்டு அரிசி வெந்தது. வில்லுப்பாட்டு கொஞ்ச நேரம்தான் இருந்தது, பட்டன் கல்யாணத்தோடு நிறுத்திவிட்டார்கள். ராத்திரி மரத்துக்கு மேலே ஏதோ ஒன்று தாவித் தாவிப் போனது. பையன் குரங்கு என்றான். ஆச்சி பட்டன் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வரும்போது பாபநாசம் பக்கம்தான் சிக்னல் கிடைத்தது. அம்மா கூப்பிட்டாள். நல்லா கும்பிட்டியா என்றெல்லாம் கேட்கவில்லை.

"அண்டாவை அங்கயே மண்ணு போட்டுத் தேச்சிட்டியா, இல்ல கரியோட கொண்டாறியா?"

"தேச்சேன்மா. போகல."